முதல் நாவலை அச்சிடக் காத்திருப்பவர்களுக்கு: வாசிக்காமலே செம்மைப்படுத்தும் நிறுவனங்கள் பற்றி

கொழும்பில் தமிழில் முதல் நாவலை எழுதி முடித்து, அதை நூலாகக் காண ஆசைப்படும் ஒவ்வொருவரும் பணம் கொடுப்பதற்கு முன்னர் இதை வாசித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். நாவல் பயிற்சி, செம்மையாக்கம், பக்க வடிவமைப்பு, அச்சு, வெளியீட்டு விழா, விநியோகம் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டணத்தில் செய்து தருவதாக முகநூலில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, மூன்று தவணைகளாக 340,000 ரூபா செலுத்தினேன். அங்கே என் நாவலை ஒருவர்கூட வாசிக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் முறைப்பாடு இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது ஒரு காரணம், இதே முறையில் பணம் பறிப்போர் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று.

இத்தகைய இடங்களுக்கு எழுதுபவர்கள் ஏன் போகிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இலங்கையில் தமிழ் நாவல் எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் தம் கைக்காசைப் போட்டே நூலை அச்சிடுகிறார்கள். முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதிகள் அடித்து, ஒரு விழா வைத்து, உறவினரும் நண்பர்களும் வாங்கிய பின் எஞ்சியவற்றை வீட்டிலே அடுக்கி வைப்பதுதான் இங்குள்ள வழமை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அச்சுத் தாளின் விலை ஏறிய பிறகு அந்த முந்நூறு பிரதிகளும் பெருஞ்செலவாகிவிட்டன. ஆயினும் காசைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கையெழுத்துப்பிரதி நிலையிலேயே ஒரு நாவலை முழுதாக வாசித்து, எது நிற்கிறது, எது சரிகிறது என்று எடுத்துச் சொல்வதற்கு ஆள் கிடைப்பதில்லை. வேலைக்குப் போவதற்கு முன் விடியற்காலையிலும், பிள்ளைகள் உறங்கிய பின் இரவிலும் ஆண்டுக்கணக்காக எழுதிய ஒருவருக்கு, தன் எழுத்தைத் தானே வாசித்து வாசித்து, தாளில் இருப்பதற்குப் பதிலாகத் தான் எண்ணியதையே காணும் நிலை வந்துவிடுகிறது. வேறொரு கண் அவசியம் தேவைப்படுகிறது. அந்தத் தேவையைத்தான் இந்த நிறுவனம் விற்பனைப் பொருளாக்கியிருந்தது.

என் நாவல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜை நடத்தும் பெண்ணைப் பற்றியது. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து கடவுச்சீட்டுக்காகவும் விசாவுக்காகவும் மருத்துவத்துக்காகவும் வந்து தங்கியவர்கள், அவர்களுடைய பெயர்களைப் பொலிஸில் பதிவுசெய்யும் அலைச்சல், வெளிநாடு போன மகனிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் என்று விரியும் கதை, 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் முடிகிறது. அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். இந்தக் கதைச் சுருக்கத்தை இங்கே சொல்வதற்குக் காரணம், பின்னர் என் கைக்கு வந்த அறிக்கை எவ்வளவு வெறுமையானது என்பது இது தெரிந்தால்தான் விளங்கும்.

பம்பலப்பிட்டியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய அலுவலகத்தில் நிறுவனத்தின் உரிமையாளரைச் சந்தித்தேன். கையெழுத்துப்பிரதியைக் கையால் எடைபார்ப்பதுபோலத் தூக்கி வைத்துக்கொண்டு, "மிஸ், இது தமிழ்நாட்டிலையும் பேசப்படும், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். அதில் ஒரு பக்கத்தையேனும் அவர் புரட்டவில்லை. அனுபவமுள்ள செம்மையாசிரியர் ஒருவர் நாவலை மூன்று தடவை வாசிப்பார், முதல் வாசிப்பில் கதையமைப்பையும் இரண்டாவதில் நடையையும் மூன்றாவதில் மெய்ப்பையும், அதாவது எழுத்துப்பிழைகளையும், பார்ப்பார் என்று தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. செம்மையாசிரியரின் பெயரைக் கேட்டபோது, அது நிறுவனத்தின் இரகசியம் என்று பதில் வந்தது.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நான் அப்போதே ஏற்கவில்லை. நாவலின் மொழிபெயர்ப்பு, திரைப்பட, மின்னூல் உரிமைகள் யாவும் நிறுவனத்துக்கே உரியவை என்ற வாசகத்தை வெட்டுவித்து, இரு தரப்பும் அவ்விடத்தில் கையொப்பமிட்ட பின்னரே ஒப்புக்கொண்டேன். மற்றையது, "பதிப்புரிமைப் பதிவுக் கட்டணம்" என்று சேர்க்கப்பட்டிருந்த 18,000 ரூபா. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவாகிய அந்தக் கணமே அதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. எங்கேயும் பதிவுசெய்யத் தேவையில்லை. அந்தப் பாதுகாப்பு எழுதியவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. உரிமையை வேறொருவருக்கு மாற்றுவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பின் கையொப்பமும் வேண்டும். ஆகவே நீங்கள் கையொப்பமிடாதவரை நாவல் உங்களுடையதே. இல்லாத ஒரு பதிவுக்குக் கட்டணம் கேட்பவரிடம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அது அறவிடப்படுகிறது என்று எழுத்திலே கேளுங்கள். என்னிடம் அந்தத் தொகையை உடனே கழித்துவிட்டார்கள். கேட்காத எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

இரண்டாம் தவணை கட்டி முடிந்த பிறகு செம்மையாக்க அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தம் நான்கு பக்கங்கள். கதையில் கிராமத்து மண்வாசனை கமழ்கிறது என்று அது தொடங்கியது. என் நாவலில் ஒரு காட்சிகூடக் கொழும்பை விட்டு வெளியே நடப்பதில்லை. மகனின் மரணத்தை இன்னும் உருக்கமாக எழுதலாம் என்று ஆலோசனை கூறியது. மகன் சாகவில்லை, கடைசி அத்தியாயத்தில்கூட ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசுகிறான். இருபத்தைந்து அத்தியாயங்களும் விறுவிறுப்பாக இருக்கின்றன என்று பாராட்டியது. நாவலில் இருப்பவை பத்தொன்பது. அதே நிறுவனத்தில் பணம் கட்டிய இன்னொரு எழுத்தாளரைப் பின்னர் ஒரு நூல் வெளியீட்டில் சந்தித்து, இருவரது அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதற்பந்தியும் இறுதிப்பந்தியும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன. நாவலின் தலைப்பு மட்டும் மாறியிருந்தது. அவருடையது மலையகத் தோட்டமொன்றின் கதை என்பதால், கிராமத்து மண்வாசனை அங்கே ஓரளவு பொருந்திப் போய்விட்டது. அதனாலேயே அவருக்கு அதுவரை ஐயம் எழவில்லை.

உண்மையான செம்மையாசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை, இந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் நான் தெளிவாக எண்ணிப் பார்த்தேன். என் மூன்றாம் அத்தியாயம் லொட்ஜ் நடத்தும் பெண்ணின் பார்வையில் தொடங்கி, இடையில் அங்கே தங்கும் இளைஞனின் மனத்துக்குள் போய், மீண்டும் அவளிடம் திரும்புகிறது. அந்தப் பெயர்ச்சி வாசகருக்கு இடறுகிறதா, அல்லது ஒரே கூரையின் கீழ் வாழும் இரு அச்சங்களாகச் சேர்ந்து ஒலிக்கிறதா என்பதை நான் அறிய வேண்டியிருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் வதிவோர் பதிவேட்டைப் பற்றிய விவரணை நீண்டு செல்கிறது. அந்த நீளம் அவளுடைய நாட்களின் சலிப்பை வாசகருக்கு உணர்த்துகிறதா, இல்லை வாசகரையே சலிப்படையச் செய்கிறதா என்பதும் தெரியவேண்டியிருந்தது. இவற்றுக்கு விடை தருபவர் பாராட்ட வேண்டியதில்லை. "இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன்" என்று சொன்னாலே போதும். நாவல் கலையில் ஒரு புதியவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அத்தகைய ஒரு வசனம்தான். அதற்காகத்தான் நான் பணம் கட்டினேன். அந்த நான்கு பக்கங்களில் அப்படி ஒரு வசனமும் இல்லை. நான் இதை எழுத்தில் சுட்டிக்காட்டியபோது, இரண்டாம் வாசிப்பில் எல்லாம் சரிசெய்யப்படும் என்ற பதிலோடு, மூன்றாம் தவணையைக் கட்டாவிட்டால் முன்னர் கட்டிய தொகை திருப்பித் தரப்படமாட்டாது என்ற நினைவூட்டலும் வந்தது.

அச்சுக்கு முன் மெய்ப்புப் பிரதி காட்டப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், அதை எனக்கு அனுப்பவேயில்லை. நூல் கைக்கு வந்த அன்று முதற்பக்கத்திலேயே விபரீதம் தெரிந்தது. நான் யூனிகோட் எழுத்துருவில் கொடுத்த பிரதியைப் பக்க வடிவமைப்புக்காக, யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாமினியில் காற்புள்ளிக்குரிய விசையில் "இ" என்ற எழுத்து உட்கார்ந்திருப்பதால், மாற்றாமல் விடப்பட்ட காற்புள்ளிகள் எல்லாம் "இ" ஆகிவிட்டன. உரையாடல் மிகுந்த நாவலில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி நிகழ்ந்தால், பாத்திரங்கள் அனைவரும் திக்கிப் பேசுவதுபோல ஆகிவிடுகிறது. பழைய கோப்புகளோடு வேலை செய்யும் எந்தத் தட்டச்சாளரும் முதல் வரியிலேயே கண்டுகொள்ளும் பிழை இது. மூன்று தடவை வாசித்ததாகக் கூறியவர்கள் ஒரு தடவை கண்ணை ஓட்டியிருந்தாலும் தப்பியிருக்காது. பல பிரதிகளில் 16 பக்கங்கள் கொண்ட ஒரு மடிப்பு இருமுறை கட்டப்பட்டு, அடுத்த மடிப்பு விடுபட்டிருந்தது.

பின்னட்டையிலிருந்த ஐஎஸ்பிஎன் இலக்கமும், அதாவது நூலை உலகளவில் அடையாளங்காட்டும் எண்ணும், பொய்யானது. இலங்கையில் இந்த இலக்கத்தை வழங்குவது கொழும்பு 7, சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலகம். எழுத்தாளர் தாமாகவே நூலை வெளியிடுவதானால் அங்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. இந்நாட்டு நூல்களின் இலக்கம் 978-ஐ அடுத்து 955 அல்லது 624 என்று தொடரும். அதன் செம்மையை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்: 13 இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும். கணக்கியல் என் தொழில் என்பதால் இதைச் செய்து பார்க்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. என் நூலின் இலக்கம் வகுபடவில்லை. அதாவது, அது உலகில் எந்த நூலுக்கும் வழங்கப்பட்டிருக்க முடியாத, யாரோ மேசையிலிருந்து கற்பனையாக எழுதிய எண்.

விழாவைப் பற்றி நீளமாகச் சொல்ல விருப்பமில்லை. நூல் கைக்கு வந்ததற்கு இரண்டு நாட்களில் அது ஏற்பாடாகியிருந்தது. அழைப்பிதழ்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை. முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெறுபவர்கள் கடித உறையில் அன்பளிப்பு வைத்துக் கொடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம்; பல எழுத்தாளர்களுக்கு அச்சுக்கூலியின் ஒரு பகுதி அதிலிருந்தே மீள்கிறது. வாயிலில் மேசை போட்டு அமர்ந்திருந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அந்த உறைகளையும் நூல் விற்ற பணத்தையும் எடுத்துச் சென்றார்கள். இன்றுவரை கணக்குக் காட்டவில்லை. முந்நூறு பிரதிகளில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை எண்பது. மீதி தீவெங்கும் விநியோகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கண்டியிலும் உள்ள நண்பர்களைக் கொண்டு விசாரித்ததில் ஒரு கடையிலும் நூல் இல்லை. விழா வைப்பவர்கள் அந்த மேசையில் தம் குடும்பத்தவர் ஒருவரை உட்கார வைத்து, உறைகளை இலக்கமிட்டுப் பதிந்துகொள்வது நல்லது.

பணம் கொடுக்க முன் ஒரு செம்மையாசிரியரைச் சோதிப்பதற்கு, பிறகு நான் கைக்கொண்ட வழி ஒன்றைச் சொல்கிறேன். முழு நாவலையும் கொடுக்காமல் ஒரே ஒரு அத்தியாயத்தைக் கொடுத்து, அதற்குரிய கூலியை மட்டும் கொடுங்கள்; அதில் வேண்டுமென்றே ஒரு பிழையை வையுங்கள். நான் வைத்தது இது: 2006ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு முதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து இறங்குகிறார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஏ-9 வீதி மூடப்பட்டுவிட்டது. அதன் பின் வருபவர் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டியிருந்தது. இப்போது என் நாவலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, அந்த வரியின் கீழ்க் கோடிட்டு, "பிள்ளை, இவர் எந்தப் பாதையால் வந்தவர்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதே அத்தியாயத்தில், அந்த முதியவர் அறைக்கு வந்ததும் தன் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் பேசுவதைச் சுட்டி, அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தவர் முதலில் தண்ணீர் கேட்பார், பிறகு உறங்குவார், ஊரைப் பற்றி மறுநாள்தான் வாய் திறப்பார் என்றும் குறித்திருந்தார். அந்த இரண்டு பக்கங்களையும் மறுநாள் காலைக் காட்சிக்கு மாற்றியபோது, அந்த அத்தியாயத்துக்கு நான் ஆண்டுக்கணக்காகத் தேடிய அமைதி கிடைத்தது. அவர் கேட்ட கூலி, நிறுவனத்தின் முதல் தவணையிலும் குறைவானது.

உரிமை வாசகத்தை அன்று வெட்டுவித்திருந்தமையால், நாவலைத் திருத்தி மறுபடி வெளியிட எனக்குத் தடையில்லை. இழந்த பணத்துக்காக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிட்டிருக்கிறேன். அங்கே முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். விவரம் கேட்பதற்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்பிரதி, "இ" நிறைந்த நூலின் ஒரு பிரதி ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தேன். நான் மேலே சொன்ன எழுத்தாளரும் தம் பெயரில் தனியாக முறைப்பாடு கொடுத்துவிட்டார். இதேபோன்ற அறிக்கை பெற்ற வேறு எவரேனும் இருந்தால், கிராமத்து மண்வாசனை என்று தொடங்கும் அந்த முதற்பந்தியை எனக்கு அனுப்புங்கள். விசாரணைத் தினத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் காட்டப்போகிறேன்.