ஜோடிக்கல் வாங்குகிறவர்கள் கவனம்: ஒன்று டோபாஸ், இன்னொன்று கண்ணாடி

நேற்று லேப் ரிப்போர்ட் கைக்கு வந்தது. 8,200 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ப்ளூ டோபாஸ் ஜோடியில் ஒரு கல்தான் டோபாஸ். இன்னொன்று வெறும் கண்ணாடி. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கல் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது. மயில்கழுத்து நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறார்கள். "பெரியம்மா, அந்தச் சேலைக்கு நீலக்கல் தோடு ஒண்ணு போதும், வேற எதுவும் வேண்டாம்" என்று ஆசையாகக் கேட்டாள். நீலம் என்றதும் தங்கை பயந்துவிட்டாள். ஜாதகம் பார்க்காமல் நீலம் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள பயம். அப்படித்தான் டோபாஸ் என்று முடிவானது. சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அதில் சேர்த்த காசுதான் இந்த 8,200 ரூபாய்.

வாங்கிய இடம், கற்கள் மட்டுமே விற்கிற ஓர் ஆன்லைன் சந்தை. பல ஊர் வியாபாரிகள் அதில் கடை போட்டிருக்கிறார்கள். நான் பேசிய வியாபாரி நல்ல தமிழில் பேசினார். "எங்க பூர்வீகமும் சேலம் பக்கம்தான் அக்கா" என்றார். அதற்காக மட்டும் நான் நம்பவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு விஷயமும் உண்மையாக இருந்தது, அதனால்தான் நம்பினேன்.

"கடையில கிடைக்கிற நீல டோபாஸ் கிட்டத்தட்ட எல்லாமே நிறமில்லாத கல்லைக் கதிர்வீச்சுல வெச்சு, அப்புறம் சூடு காட்டி நீலமாக்கினதுதான் அக்கா. வெளிர் நீலத்தை ஸ்கை ப்ளூ, பளிச்சுனு இருக்கறதை ஸ்விஸ் ப்ளூ, கருநீலத்தை லண்டன் ப்ளூன்னு சொல்லுவோம். நிறம் மாறாது. இயற்கையாவே இவ்வளவு கருநீலம்னு யாராவது வித்தா வாங்காதீங்க." இதையெல்லாம் நான் கேட்காமலேயே சொன்னார். பிறகு விசாரித்ததில் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தன் சரக்கின் ட்ரீட்மென்ட்டையே மறைக்காமல் சொல்கிற மனுஷன் கல்லையா மாற்றிக் கொடுப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த உண்மையைத்தான் அவர் தூண்டில் புழுவாகப் போட்டிருக்கிறார்.

விலைக்கும் காரணம் வைத்திருந்தார். டோபாஸ் அப்படியொன்றும் விலை கூடின கல் இல்லை, ஜோடி சேர்ப்பதற்குத்தான் காசு என்றார். இரண்டு காதிலும் ஒரே நீலம், ஒரே அளவு, ஒரே கட்டிங் வரவேண்டும், அதற்குக் கல் குவியலையே புரட்ட வேண்டும் என்றார். இதுவும் நியாயமான பேச்சுதான். தோட்டில் ஒரு கல் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் எதிரில் நிற்பவர் கண்ணுக்குப் பட்டுவிடும். வீடியோ காலில் இரண்டு கல்லையும் வெள்ளைத் தாளில் வைத்து, டார்ச் அடித்து, அளந்து காட்டினார். இரண்டும் ஓவல், 9 மில்லிமீட்டருக்கு 7. ஜோடியின் எடை 5.04 காரட் என்று பில். கூடவே ஒரு சர்டிபிகேட் கார்டு. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் லேபின் பக்கம் சரியாகவே திறந்தது. அதில் இருந்தது 2.52 காரட் டோபாஸ், ஒரே கல். இன்னொன்றுக்கு எங்கே என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே லாட் அக்கா, ஒண்ணுக்கு எடுத்தா போதும்" என்றார்.

பார்சல் வந்தது. கற்களைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள், அவ்வளவு அழகான லண்டன் ப்ளூ. செவ்வாய்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குப் பல வருஷமாக வேலை செய்து கொடுக்கும் ஆசாரி அண்ணனிடம் கொடுத்தேன். முகூர்த்த வேலை நெருக்கடியில் இருந்தார், சில நாள் கழித்துத்தான் என் பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்த அன்றே போன் வந்தது. "ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. நேர்ல வாங்க" என்றார்.

போனேன். அவருடைய சின்னத் தராசில் கல்லைத் தனித்தனியாக வைத்துக் காட்டினார். ஒன்று 2.52 காரட். மற்றது 1.78. அளவில் மயிரிழை வித்தியாசம் இல்லாத இரண்டு கல், எடையில் மட்டும் இவ்வளவு வித்தியாசம். ஒரே அளவுத் தண்ணீரோடு வைத்துப் பார்த்தால் டோபாஸ் மூன்றரை மடங்கு கனம், சாதாரணக் கண்ணாடி இரண்டரை மடங்குதான். லூப்பில், அதாவது நகைக்காரர்களின் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில், பார்க்கச் சொன்னார். எடை குறைந்த கல்லுக்குள் உருண்டையாக ஒரு காற்றுக் குமிழி, பட்டைகளின் விளிம்பும் மழுங்கல். மற்றதில் விளிம்பெல்லாம் கத்தி போல இருந்தது. மேலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் சத்தியமாக எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அதற்கப்புறம் தொடங்கியதுதான் பெரிய கொடுமை. வியாபாரிக்குப் போட்டோ அனுப்பினேன். "லைட் வித்தியாசம் மேடம்" என்று பதில். அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம். எடையை அனுப்பினேன். "உங்க தராசு சரியில்லை மேடம்." குமிழியை வீடியோ எடுத்து அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. அந்த ஆன்லைன் சந்தையின் கஸ்டமர் கேருக்குப் பேசினால் வியாபாரியைக் கேளுங்கள் என்கிறார்கள். வியாபாரியைக் கேட்டால் சந்தையிடம் சொல்லுங்கள் என்கிறார். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது என்று ஒரு மெயில். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று இன்னொரு மெயில். 8,200 ரூபாய் அவர்களுக்கு ஒரு டிக்கெட் நம்பர், அவ்வளவுதான். இரண்டு தடவை அந்த டிக்கெட்டை என்னிடம் கேட்காமலேயே மூடிவிட்டார்கள்.

கடைசியாக வியாபாரி எழுத்தில் அனுப்பியது இது: "உங்கள் ஆசாரி கல்லை மாற்றியிருப்பார், அவரிடம் கேளுங்கள்."

அதைப் படித்தபோது வந்த கோபம் காசு போனதற்குக்கூட வரவில்லை. எங்கள் அம்மாவின் தாலிக்கொடியைச் செய்தவர் அவர். பழைய நகையை அழிக்கும்போது பொடித் துகளைக்கூடக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுப்பவர். இந்தக் கல்லில் ஏமாற்று இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தான், அவரையே திருடன் என்கிறார்கள். வீடியோ காலில் நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதே குமிழி, அதே இடத்தில், வியாபாரியின் விரலுக்குப் பக்கத்திலேயே தெரிகிறது. அதையும் அனுப்பினேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதே ஜோடிப் படம் இன்று காலையும் அங்கே விற்பனைக்கு இருந்தது.

தெரிந்த நகைக்கடைக்காரர் மூலம் இரண்டையும் லேபுக்கு அனுப்பியதில்தான் நேற்று ரிப்போர்ட் வந்தது. கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் ஒன்றுக்கு 1.61 முதல் 1.62, டோபாஸ். மற்றதற்கு 1.52, செயற்கைக் கண்ணாடி.

சொல்கிறேன் என்று சொன்னது இதுதான், இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. ஜோடிக்கல்லைச் சேர்த்து எடை போட்டுத் தந்தால் ஏற்காதீர்கள், தனித்தனி எடை கேளுங்கள். சர்டிபிகேட் இரண்டு கல்லுக்கும் வேண்டும். பார்சலை வீடியோ எடுத்தபடி பிரியுங்கள், அன்றே ஆசாரியிடம் காட்டுங்கள். ஏமாந்தால் 1915க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். புகாரை எழுத்தில் அனுப்புங்கள்.

1915இல் என் புகார் பதிவாகிவிட்டது. அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 8,200 ரூபாயும் முழுசாகத் திரும்ப வேண்டும். ஆசாரி அண்ணனைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு எழுத்திலேயே மன்னிப்பும் வேண்டும். இரண்டில் எது வராவிட்டாலும் புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.