ஓடாத நேரத்தைக் காட்டும் டூல்கள்: ஆறு வருட அனுபவம்

பெங்களூருக்கு வந்ததிலிருந்தே, லினக்ஸ் சர்வர் ஏன் ஸ்லோவாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆறு வருடம் ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மானிட்டரிங் டூல்கள் ஆபீஸில் எப்போதும் இருந்தன, ஆனால் கடைசியில் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவை பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ் டூல்கள்தான்.

எல்லோரையும் போல, சிபியூ நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் பெர்ஃபில் (perf) ஆரம்பித்தேன். 2009-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.31 பதிப்போடு வந்தது. நொடிக்கு 99 சாம்பிள் (அந்தக் கணத்தில் ஓடுவது எது என்ற பதிவு) என்று அரை நிமிடம் ஓடவிட்டு, பர்ஃபார்மன்ஸ் நிபுணர் பிரெண்டன் கிரெக் 2011-இல் கொண்டுவந்த ஃபிளேம் கிராஃபாக (அதிக நேரம் எடுப்பது அகலமான பட்டையாகத் தெரியும் படம்) மாற்றினால், சிபியூவைத் தின்கிற ஃபங்ஷன் எது என்று பளிச்சென்று தெரியும். 100 என்று வைக்காமல் 99 வைப்பதற்குக் காரணம் உண்டு: அதே தாளத்தில் ஓடும் டைமர் வேலையோடு சாம்பிளும் ஒட்டிக்கொண்டால் படமே தப்பாக வரும். எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று பின்னோக்கிப் போக உதவும் ஃபிரேம் பாயின்டர் இல்லாமல் கம்பைல் செய்த லைப்ரரிகளால் அந்த அழைப்பு வரிசை (ஸ்டாக்) பாதியில் அறுந்துபோவது ரொம்ப நாள் தலைவலியாக இருந்தது. ஃபெடோரா 38, உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்புகள் இரண்டிலும் பேக்கேஜ்களை ஃபிரேம் பாயின்டரோடு கம்பைல் செய்து தர ஆரம்பித்தபிறகு அது நன்றாகவே குறைந்துவிட்டது.

ஆனால் இப்படி சாம்பிள் எடுக்கும்போது பெர்ஃபுக்குத் தெரிவது சிபியூவில் ஓடுகிற நேரம் மட்டும்தான். திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) ஓடாமல் காத்துக்கிடக்கும் நேரம் அந்தப் படத்தில் இருக்கவே இருக்காது. இது எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது.

அப்போது பெல்லந்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒரு சர்வீஸில் பெரும்பாலான ரெக்வெஸ்ட் 10 மில்லிசெகண்டில் முடியும், நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் 100-ஐத் தொடும். சராசரி சிபியூ பயன்பாடு லிமிட்டில் பாதிகூட இல்லை. ஃபிளேம் கிராஃப் சுத்தமாக இருந்தது. டேட்டாபேஸ் டீம் நெட்வொர்க்கைச் சொன்னது, நெட்வொர்க் டீம் எங்களைச் சொன்னது, இப்படியே இரண்டு வாரம் போனது. அப்புறம்தான், நடப்பதை நேர வரிசையில் பதிவு செய்து (இதுதான் டிரேஸ்) படமாகக் காட்டும் பெர்ஃபெட்டோவின் பதிவுக் கருவியான டிரேஸ்பாக்ஸை சர்வரில் போட்டு, எந்தத் திரெட் எப்போது சிபியூவில் ஏறி இறங்குகிறது என்ற ஷெட்யூலர் ஈவென்ட்களை மட்டும் 10 நொடி பதிவு செய்தேன். அந்த ஃபைலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலித் தம்பி, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன், கேட்டான்: “அக்கா, திரெட் எல்லாம் ரன்னபிள்னு காட்டுது, ஆனா மேல சிபியூ எல்லாம் சும்மால்ல கிடக்கு?”

விஷயம் அதுதான். 16 ஒர்க்கர் திரெட்டும் ஒரே நேரத்தில் நின்று, வரிசையாக இளம்பச்சைப் பட்டையாக நீண்டு, ஒரே நேரத்தில் மறுபடி எழுந்தன. ஓடத் தயாராக (ரன்னபிள்) இருக்கும் திரெட்டைக் காலியாகக் கிடக்கும் சிபியூ எடுக்கவில்லை என்றால் வேறு ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் ஓடிய கன்டெய்னருக்கு (சர்வரில் தனியாகப் பிரித்து வைத்த இடம்) 2 சிபியூ லிமிட். கெர்னல் அதை 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 200 மில்லிசெகண்ட் சிபியூ நேரமாக அளந்து கொடுக்கும். 16 திரெட்டும் 16 கோரில் சேர்ந்து பாய்ந்தால் அந்த 200 தீர 12.5 மில்லிசெகண்ட் போதும். மீதி 87-க்கு மொத்தச் சர்வீஸும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கெர்னலில் இந்த லிமிட்டைக் கவனிக்கும் சிகுரூப்பின் சிபியூ.ஸ்டாட் ஃபைலில் த்ராட்டில் ஆன (லிமிட் தீர்ந்து நிறுத்தப்பட்ட) எண்ணிக்கை மளமளவென ஏறிக்கொண்டிருந்தது. லிமிட்டை 4 ஆக்கினோம், ஒர்க்கரையும் 4 ஆகக் குறைத்தோம், அன்று சாயங்காலமே ரெக்வெஸ்ட் நேரத்தின் கிராஃப் இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து பெர்ஃபெட்டோதான் என் முதல் கை. பிரவுசரில் திறந்தாலும் டிரேஸ் நம் மெஷினை விட்டு வெளியே போகாது, இதைச் சொல்லித்தான் செக்யூரிட்டி டீமிடம் அனுமதி வாங்கினேன். எனக்கு ரொம்பப் பிடித்தது, டிரேஸையே டேட்டாபேஸ் போல எஸ்க்யூஎல் போட்டுக் கேட்க முடிவது: எந்தத் திரெட் எவ்வளவு நேரம் ரன்னபிளாகக் கிடந்தது என்று ஒரே குவெரியில் வந்துவிடும். ஃபைல் ரொம்பப் பெரிதானால் பிரவுசர் திணறும், அப்போது டிரேஸை அலசும் டிரேஸ் பிராசஸரை மெஷினிலேயே தனியாக ஓடவிட்டு அதோடு பிரவுசரை இணைக்க வேண்டும்.

கெர்னலுக்குள் இருக்கும் டிரேஸ் வசதியான எஃப்டிரேஸை இயக்கும் ஸ்டீவன் ராஸ்டெட்டின் டிரேஸ்-சிஎம்டியும், அந்தப் பதிவைப் படமாகக் காட்டும் கெர்னல்ஷார்க்கும் இன்னும் என்னிடம் உண்டு. புதிதாக எதுவும் போட அனுமதி இல்லாத பழைய சர்வர்களில் எஃப்டிரேஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டினால்தான் தெரியும். பதிவுகள் தங்கும் பஃபரை மட்டும் முதலிலேயே பெரிதாக்கிவிடுங்கள். டீஃபால்ட் அளவு சிபியூவுக்கு ஒன்றரை எம்பிகூட இல்லை, பிஸியான சர்வரில் ஈவென்ட்கள் தொலையும், நமக்கு வேண்டியதும் அதோடு போய்விடும்.

கெர்னலிடம் சின்ன ஸ்கிரிப்டால் கேள்வி கேட்கும் பிபிஎஃப்டிரேஸை எடுப்பது, கேள்வி தெளிவாக இருக்கும்போது மட்டும். டிஸ்க் லேட்டன்சி (பதில் வர ஆகும் நேரம்) எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஒற்றை வரி போதும், ஹிஸ்டோகிராம் வந்துவிடும். என்ன தேடுகிறோம் என்றே தெரியாதபோது டிரேஸ்தான் சரி. எஸ்டிரேஸை புரொடக்ஷனில் தொடவே தொடாதீர்கள், ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (புரோகிராம் கெர்னலிடம் கேட்கும் வேலை) புராசஸை நிறுத்தி நிறுத்தி விடும், ஸ்லோவான சர்வீஸ் முழுசாகப் படுத்துவிடும்.

அந்தத் தம்பி இப்போது வேறு டீமில் இருக்கிறான். போன வாரம் ஒரு டிரேஸ் ஃபைல் அனுப்பியிருந்தான். இந்த முறை திரெட்கள் ரன்னபிள் இல்லை, எல்லாம் டிஸ்க்குக்காகத் தூங்குகின்றன. இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.