எகோநெட் கேபிள் என்று சொல்லி மிடி கேபிளை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

பிபிசி மைக்ரோ, மாஸ்டர் மாதிரி பழைய ஏகார்ன் கணினிகளை எகோநெட் என்கிற ஏகார்னின் சொந்த நெட்வொர்க்கில் இணைக்க ரெடிமேடு கேபிள் தேடுகிறவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் ஒருவரிடம் ஒரு கட்டு வாங்கினேன். விளம்பரத்தில் "எகோநெட், மிடி, ஆடியோ மூன்றுக்கும் பொருந்தும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது (மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் முறை). பொருந்தத்தான் செய்கிறது. ஐந்து பின்னும் அரைவட்டமாக நிற்கும் 180 டிகிரி டிஐஎன் வட்ட பிளக் என்பதால் சாக்கெட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் மெஷினை ஆன் செய்தால் ஸ்டேஷன் எண்ணுக்கு (நெட்வொர்க்கில் அந்த மெஷினின் எண்) பக்கத்திலேயே "நோ கிளாக்" என்று வந்து நிற்கிறது.

விஷயம் இதுதான். எகோநெட்டுக்கு ஐந்து பின்னும் வேண்டும். 1, 4 இரண்டும் டேட்டா ஜோடி, 3, 5 இரண்டும் கிளாக் ஜோடி, நடுவில் இருக்கும் 2 கிரவுண்டு. டேட்டாவுக்குத் தாளம் போடும் கிளாக் சிக்னல் ஏதோ ஒரு இடத்தில் உருவாகி இந்த ஒயர் வழியாகத்தான் எல்லா மெஷினுக்கும் போக வேண்டும். மிடிக்கு அந்தத் தேவையே கிடையாது, அதற்கு 4, 5, அப்புறம் ஷீல்டுக்கு 2, அவ்வளவு போதும். அதனால் கேபிள் செய்கிறவர்கள் பலர் 1, 3 பின்களுக்கு ஒயரே போடுவதில்லை. வெளியே பார்த்தால் ஐந்து பின்னும் பளபளவென்று இருக்கும், உள்ளே இரண்டு பின் சும்மா நிற்கும். மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்துத் தொட்டுப் பார்த்தேன்: 2, 4, 5 கத்தின, 1, 3 இரண்டும் ஊமை. அதாவது டேட்டாவுக்கு ஒரு கால், கிளாக்குக்கு ஒரு கால். நொண்டிக்கொண்டு நெட்வொர்க் எப்படி ஓடும்?

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், இத்தனை வயதான மெஷினில் இப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்கும் முதலில் சந்தேகம் போவது எகோநெட்டை இயக்கும் 68பி54 சிப்பின் மேல்தான், புது கேபிளின் மேல் இல்லை. நன்றாக இருக்கிற சிப்பைக் கழற்றப்போய் அதன் காலை ஒடித்துவிட்டால் அந்த நஷ்டத்துக்கு விற்றவரா வந்து நிற்கப்போகிறார்?

அதே கட்டில் ஒரு கேபிள் மட்டும் ஐந்து பின்னும் கத்தியது. சரி, இதாவது தேறும் என்று பார்த்தால் ஒரு முனையின் 1 மறுமுனையில் 3-க்குப் போகிறது, 4 போய் 5-இல் சேர்கிறது. பழைய டேப் ரெக்கார்டர் ஆடியோவுக்கு இப்படிப் பின்களை இடம் வலமாக மாற்றிய கேபிள்கள் உண்டு. எகோநெட்டில் போட்டால் டேட்டா போக வேண்டிய ஜோடியில் கிளாக் போகும். கூடவே டெர்மினேட்டர் என்று இரண்டு தந்திருந்தார், சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க லைனின் இரு முனைக்கும். திருகைக் கழற்றினால் டேட்டா ஜோடிக்கு மட்டும் ரெசிஸ்டர் இருக்கிறது, கிளாக் ஜோடி மொட்டை.

விற்றவரிடம் கேட்டதற்கு, "மிடி கீபோர்டில் போட்டுப் பாருங்கள் சார், அருமையாக வேலை செய்யும்" என்றார். செய்யும்தான்! அட்டாரி எஸ்டி மெஷின்களை மிடி போர்ட்டில் வளையமாகக் கோத்து 1987-இல் வந்த மிடி மேஸ் விளையாட இதுதான் சரியான கேபிள், பதினாறு பேர் வரை ஆடலாம். ஆனால் நான் கேட்டது அது இல்லையே. பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது என்று முடித்துவிட்டார். திறந்து சரிசெய்யவும் வழியில்லை, பிளக் முழுக்க வார்த்த பிளாஸ்டிக்.

ஆகவே "எகோநெட்டுக்குப் பொருந்துமா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஐந்து பின்னுக்கும் ஒயர் இருக்கிறதா, 1-க்கு 1, 3-க்கு 3 என்று நேராகப் போகிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வந்ததும் மீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் மெஷினில் சொருகுங்கள்.

என்னைக் கேட்டால் நாமே செய்துகொள்வது மேல். சால்டர் செய்கிற மாதிரியான உலோக உறை பிளக் வாங்குங்கள், 180 டிகிரியா என்று பார்த்து. 240 டிகிரி என்று குதிரை லாட வடிவில் இன்னொன்று இருக்கிறது, அது நுழையாது. ஒயருக்கு கேட்-5 நெட்வொர்க் கேபிள் போதும், முறுக்கிய ஜோடிகள் அதில் தயாராகவே இருக்கின்றன. 1, 4 ஒரு முறுக்கிலும் 3, 5 வேறொரு முறுக்கிலும் வர வேண்டும். மாற்றிக் கலந்துவிட்டால் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், லைன் நீளம் கூடும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும். சூடு வைக்கும்போது பிளக்கை ஒரு உபரி சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் சாயாமல் நிற்கும். உறையை மட்டும் முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள், கடைசியில் மாட்ட முடியாது.