அறுவடை சீசனில் பழைய எஞ்சின்: எஸ்டி40-2 வகையோடு பல வருட அனுபவம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும், இனி சில மாதங்களுக்கு எஞ்சின் பஞ்சம்தான். அயோவா, நெப்ராஸ்கா, டகோட்டா பக்கங்களில் மக்காச்சோளமும் சோயாவும் ஒரே நேரத்தில் அறுவடையாகும். அதே வாரங்களில் பண்டிகைக்கால விற்பனைச் சரக்கு கன்டெய்னர் கன்டெய்னராக மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும். இரண்டையும் இழுக்க இருப்பது ஒரே எஞ்சின் கூட்டம். புதிய எஞ்சின் நினைத்த மாத்திரத்தில் வந்துவிடாது. அதனால் யார்டின் கோடியில், புகைபோக்கியை மூடி நிறுத்தி வைத்திருக்கும் பழைய எஞ்சின்களை எழுப்பிக் கொண்டுவருவார்கள். அப்படி வந்தவற்றைப் பல சீசன்களாக ஓட்டியிருக்கிறேன். பின்னால் கோத்துக்கொண்டும் போயிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஒழுங்காகத் தயார் செய்து, அதற்கு ஏற்ற வேலையைக் கொடுத்தால் சீசன் முழுக்க உழைக்கும். ஆனால் காகிதத்தில் குதிரைத்திறனைக் கூட்டிப் பார்த்து, புதியதற்குச் சமம் என்று நினைத்து வண்டியில் கோத்தால் ஏற்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

நான் அதிகம் பழகியது இஎம்டி என்ற அமெரிக்க எஞ்சின் தயாரிப்பு நிறுவனத்தின் எஸ்டி40-2. 1972இல் வந்த மாடல். ஆறு அச்சு, 3,000 குதிரைத்திறன், பதினாறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் டீசல், டர்போ உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 4,000 எஞ்சின்கள் செய்தார்கள். இன்றும் எந்த யார்டுக்குப் போனாலும் ஒன்றாவது கண்ணில் படும். அப்புறம் இஎம்டியின் எஸ்டி60, ஜிஇயின் (ஜெனரல் எலக்ட்ரிக்) டேஷ் 8, டேஷ் 9 எல்லாமும் சீசனில் வரும். ஆனால் "பழைய எஞ்சின்" என்று எங்கள் ஆட்கள் சொன்னால் பெரும்பாலும் மனதில் இருப்பது எஸ்டி40-2தான்.

1970களில் செய்த எஞ்சினை நேற்று வந்த எஞ்சினோடு கோத்து ஒரே டிரைவர் ஓட்ட முடிகிறது என்பதே எனக்கு இன்னும் வியப்பு. எஞ்சினுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் போகும் மின் கேபிளில் 27 ஊசிகள். எந்தக் கம்பெனி எஞ்சினாக இருந்தாலும், எந்த வருடத்தில் செய்ததாக இருந்தாலும் அந்த 27 ஊசியின் ஒழுங்கு ஒன்றுதான். காற்றுக் குழாய்களும் அப்படியே. முன் எஞ்சினில் நான் திராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) நான்காவது நாட்சுக்கு, அதாவது நான்காவது படிக்கு நகர்த்தினால் பின்னால் இருக்கிற கிழமும் நான்காவது நாட்சுக்குப் போகும். இந்தப் பொது ஏற்பாடு இல்லாவிட்டால் சீசனுக்குப் பழையதைக் கொண்டுவரும் பேச்சே எழாது.

இனி, தயார் செய்வது. நல்லது கெட்டது எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதக்கணக்கில் நின்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வந்தவுடன் பொத்தானைத் தட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சிறு சோதனைத் திறப்பு உண்டு. பதினாறையும் திறந்துவிட்டு, கையால் கம்பி போட்டு எஞ்சினை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எந்தத் திறப்பிலிருந்தாவது தண்ணீர் தெறித்தால், அந்த சிலிண்டருக்குள் குளிர்விப்பு நீர் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அழுத்த முடியாமல் உள்ளே இருக்கிற இரும்பு வளையும், உடையும். அதன் பிறகு எண்ணெயை வெளிப் பம்ப் வைத்து பேரிங்குகளுக்கு முன்கூட்டியே ஏற்ற வேண்டும். நாள்கணக்கில் நின்றால் எண்ணெய் முழுக்க அடியில் வடிந்திருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டார்ட். எஞ்சின் அறையில் ஒரு சுவிட்ச். முதலில் எரிபொருள் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். எரிபொருள் ஃபில்டரின் மேல் இரண்டு சிறிய கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற குமிழில் டீசல் நிறைந்து, காற்றுக் குமிழி இல்லாமல் தெளிவாக ஓட வேண்டும். மற்றது காலியாக இருக்க வேண்டும். அதிலும் டீசல் ஏறினால் ஃபில்டர் அடைத்துவிட்டது. தெளிந்த பிறகு சுவிட்சை மறுபக்கம் திருப்பி, மறு கையால் இன்ஜெக்டர் லீவரைச் சற்றே தள்ளினால், முதலில் நாலைந்து சிலிண்டர் தனித்தனியாக வெடிக்கும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே சீராக வரும். அந்தச் சத்தம் சீராகும் வரை யாரும் பேச மாட்டோம்.

அவசர சீசனில் இந்த ஒழுங்கைக் குறுக்கிவிடுகிறார்கள் என்பதே என் பெரிய வருத்தம். எஞ்சின் ஓடுகிறதா, பிரேக் சோதனை முடிந்ததா, உள்ளே ஒட்டியிருக்கும் நீல ஆய்வு அட்டையில் தேதி சரியா, கிளம்பு. அமெரிக்க மத்திய ரயில்வே நிர்வாகத்தின் விதிப்படி இத்தகைய பழைய எஞ்சினுக்கு 92 நாளுக்கு ஒருமுறை ஆய்வு. வெகுநாள் சும்மா நின்றிருந்தால் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு. ஆகவே அட்டையில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் நின்ற நாட்களில் இழுவை மோட்டாருக்குள் (டீசல் எஞ்சின் தரும் மின்சாரத்தில் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார்) இறங்கிய ஈரத்துக்கு அட்டையில் கட்டம் கிடையாது.

அந்த ஈரம் எப்படித் தெரியவரும் என்றால், சுமை ஏற்றும்போதுதான். மழை பெய்த ஓர் இரவு, தானிய வண்டி. மூன்றாவதாகக் கோத்திருந்த எஸ்டி40-2, ஏற்றம் தொடங்கியதும் கிரவுண்ட் ரிலே (மின்கசிவு வந்தால் இழுவையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து இழுப்பதை நிறுத்திவிட்டது. எல்லா எஞ்சினிலும் எச்சரிக்கை மணி அடிக்கும், கோளாறு எந்த எஞ்சினில் என்று தேடிப் போக வேண்டும். கண்டக்டர் (டிரைவரோடு வண்டியில் வரும் இன்னொரு ஊழியர்) போய் ரீசெட் செய்தார், கொஞ்ச தூரம் இழுத்தது, மறுபடி விழுந்தது. மறுபடி ரீசெட், மறுபடியும் அதே கதை. மோட்டாரின் காப்பில் ஈரம் இருக்கும்போது திரும்பத் திரும்ப ரீசெட் செய்துகொண்டே இருந்தால் மோட்டார் கருகும். எஞ்சினைத் தனிப்படுத்திவிட்டோம். 3,000 குதிரைத்திறன் போய், அதன் எடை மட்டும் எங்கள் தலையில். மெல்ல ஊர்ந்து மேலே வந்தோம். பன்னிரண்டு மணி நேர வேலை வரம்பு அதற்குள் முடிந்துவிட்டதால் பக்கவாட்டு லைனில் வண்டியை நிறுத்தி, மாற்று ஆட்களுக்காகக் காத்திருந்தோம். புறப்படுவதற்கு முன் யார்டிலேயே குறைந்த மின்னோட்டத்தில் கொஞ்ச நேரம் இழுக்கவிட்டு மோட்டாரைக் காயவைத்திருந்தால் இத்தனையும் தேவையில்லை.

சரி, நல்ல நிலையில் வந்த பழைய எஞ்சின் எப்படி இழுக்கிறது?

நாட்ச் கூட்டினால் உடனே பதில் சொல்லும். ஜிஇ எஞ்சின்கள் முழுச் சக்திக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இஎம்டி சட்டென்று பிடிக்கும். யார்டில் பெட்டி மாற்றும் வேலைக்கும், சின்னச் சின்னக் கிளை லைனில் ஒவ்வொரு தானியக் கிடங்காக நின்று நின்று போகும் வேலைக்கும் இந்தக் குணம் பெரிய வரம். ஆனால் இரண்டையும் கலந்து கோத்திருந்தால் அவசரமாக நாட்ச் கூட்டக் கூடாது. பழையது முதலில் இழுத்து, புதியது பின்னால் வந்து சேரும்போது வண்டியைக் கோத்திருக்கும் இணைப்புக் கொக்கிகளில் ஓர் உதை விழும்.

நீண்ட ஏற்றத்தில் கதை வேறு. எஸ்டி40-2இல் இருப்பது டிசி (நேர்மின்னோட்ட) மோட்டார்கள். டிரைவர் முன்னால் ஓர் ஆம்ப் மீட்டர். 1,050 ஆம்பியர் வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். அதற்கு மேலே முள் போனால் நிமிடக் கணக்கு. எத்தனை ஆம்பியரில் எத்தனை நிமிடம் என்று மீட்டர் பக்கத்திலேயே ஒரு தகடு அடித்திருக்கும். முழு நாட்சில் வேகம் ஏறத்தாழ மணிக்கு 11 மைலுக்குக் கீழே இறங்கினால் முள் அந்தப் பக்கம் போய்விடும். ஏசி (மாறுமின்னோட்ட) மோட்டார் எஞ்சினில் இந்தக் கவலையே இல்லை. நடந்து போகிறவர் வேகத்தில்கூட மணிக்கணக்காக இழுக்கும். தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடியும் அதிகம். 1990களில் பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வே தன் நிலக்கரி வண்டிகளில் ஐந்து எஸ்டி40-2 செய்த வேலையை மூன்று எஸ்டி70எம்ஏசி ஏசி எஞ்சின்களிடம் கொடுத்தது. ஐந்தின் குதிரைத்திறன் 15,000, மூன்றின் குதிரைத்திறன் 12,000. குதிரைத்திறனைக் கூட்டிப் பார்ப்பது ஏன் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சீசன் தானிய வண்டியில் 110 பெட்டிகள். பெட்டி நிறைந்தால் ஒவ்வொன்றும் 2,86,000 பவுண்டு வரை. மொத்தம் 15,000 டன்னுக்கு மேல். இத்தகைய வண்டியின் முன்னால் ஓர் ஏசி எஞ்சினுக்குப் பதிலாக ஒரு எஸ்டி40-2 வைத்தால், சமதளத்தில் வித்தியாசமே தெரியாது. ஏற்றத்தின் கடைசி மைலில், பாதையும் ஈரமாக இருந்தால், சக்கரம் வழுக்கும் விளக்கு எரிந்து எரிந்து அணையும். பிடி கிடைக்கத் தண்டவாளத்தில் மணல் போட்டுக்கொண்டே, மீட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

கேபினைப் பற்றி. கட்டுப்பாட்டு மேடை டிரைவரின் இடது பக்கம் நிமிர்ந்து நிற்கும். டைனமிக் பிரேக் (இழுவை மோட்டார்களையே கொண்டு வேகத்தைக் குறைப்பது), திராட்டில், திசைக் கைப்பிடி எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக. பின்னோக்கிப் போகும்போது உடம்பைத் திருப்பி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே கையால் எல்லாவற்றையும் தொடலாம். 1990களில் மேசை மாதிரி முன்னால் வைத்த வடிவம் பரவியது; பின்னால் பார்த்து ஓட்டுவது அதில் கழுத்துக்குத் தண்டனை. பிற்பாடு பல ரயில்வேக்கள் புது எஞ்சினிலும் நிமிர்ந்த மேடையையே கேட்டு வாங்கின. இந்த விஷயத்தில் பழைய ஆட்கள் வடிவமைத்ததுதான் சரி.

மற்றபடி வசதி குறைவுதான். சத்தம் அதிகம். கேபினில் குளிர்சாதனம் கிடையாது, 2012 ஜூனுக்குப் பிறகு புதிதாக வேலைக்கு வரும் முன் எஞ்சின்களுக்குத்தான் அது கட்டாயம். ஆகஸ்ட் வெயிலில் கதவைத் திறந்துவைத்தால் டீசல் புகை, மூடினால் வேகும். நவம்பரில் கதவு இடுக்கில் பேப்பர் டவலைத் திணித்துத்தான் காற்றைத் தடுப்போம். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இறங்கினால் காதுக்குள் அந்த இரைச்சல் வெகுநேரம் இருக்கும். முன் எஞ்சினாக இதை நீண்ட தூரத்துக்கு அனுப்புவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். களைத்துப்போன டிரைவர் ஆபத்தானவர்.

எப்படியும் இப்போது பல பழைய எஞ்சின்கள் மெயின் லைனில் முன்னால் நிற்க முடியாது. 2008இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 25 பேர் இறந்த மோதலுக்குப் பிறகு வந்த சட்டம், பாசிட்டிவ் டிரெயின் கன்ட்ரோல் என்ற தானியங்கித் தடுப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 2020 முடிவில் முழுமையாக வந்துவிட்டது. அந்தக் கருவி பொருத்தாத எஞ்சின் பின்னால்தான் போக வேண்டும். வண்டியின் நடுவிலோ கடைசியிலோ வைத்து ரேடியோ வழியாக இயக்கும் வசதியும் பெரும்பாலான பழையவற்றில் கிடையாது. டேங்க்கும் சிறியது, 3,200 அல்லது 4,000 கேலன். புதியவற்றில் சுமார் 5,000. ஒன்றுக்கு டீசல் நிரப்ப வேண்டும் என்றால் எல்லாமே நிற்க வேண்டும்.

குளிர் தொடங்கினால் இன்னொரு தலைவலி. இந்த எஞ்சின்களில் உறைதடுப்பு திரவம் ஊற்றுவதில்லை. அரிப்புத் தடுப்பு மருந்து கலந்த தண்ணீர்தான். உறைபனி வந்த பிறகு எஞ்சினை அணைத்தால், பிளாக் வெடிக்காமல் இருக்க வால்வு தானாகத் திறந்து தண்ணீரையெல்லாம் கீழே கொட்டிவிடும். மறுபடி தண்ணீர் நிரப்பும் வசதி இருக்கிற இடம் வரை அது செத்த எடை. அதனால் நவம்பர் கடைசியில் பழைய எஞ்சின் கோத்த வண்டியை ஆளில்லாமல் பக்க லைனில் விட்டுப் போகும்போது எனக்கு மனம் ஒப்பாது.

தட்டுப்பாடு புதிதல்ல. 1986இல் பர்லிங்டன் நார்தர்ன் 100 எஸ்டி60 எஞ்சின்களைச் சொந்தமாக வாங்காமல், அவை உற்பத்தி செய்யும் மின்சக்திக்கு ஏற்பப் பணம் கொடுத்து ஓட்டியது. 2013 அறுவடைக்குப் பிறகு வட மாநிலங்களில் தானியம் தேங்கிப்போய், ரயில்வேக்களை மேற்பார்க்கும் அரசு அமைப்பான தரைப் போக்குவரத்து வாரியம் 2014இல் இரண்டு பெரிய ரயில்வேக்களிடம் வாரந்தோறும் தேக்கக் கணக்கு கேட்கும் நிலை வந்தது. களத்தில் கொட்டிக் கிடக்கும் தானியம் எஞ்சினின் வயதைப் பார்க்காது. அந்த நேரத்தில் எழுப்பிக் கொண்டுவந்த ஒவ்வொரு எஞ்சினும் ஒரு விவசாயிக்கு உதவி. இதை மறந்துவிட்டுப் பழையதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2015 முதல் புதிய எஞ்சின்கள் ‘டயர் 4’ (நான்காம் நிலை) என்ற கடுமையான புகை வரம்புக்குள் வர வேண்டும் என்றான பிறகு, ரயில்வேக்கள் புதியது வாங்குவதைவிடப் பழையதைப் புதுப்பிப்பதில் அதிகம் இறங்கின. நார்ஃபோக் சதர்ன் ரயில்வே தன் டேஷ் 9களின் டிசி மோட்டாரை எடுத்துவிட்டு ஏசி மோட்டார் வைத்தது. அந்த மாதிரி புதுப்பித்த எஞ்சின்தான் சீசனுக்கு என் முதல் தேர்வு: சட்டகம் பழையது, இழுவை புதியது.

புதுப்பிக்காத எஸ்டி40-2 வந்தால் யார்டுக்கும் கிளை லைனுக்கும் கொடுங்கள். அங்கே இருக்கிற ஏசி எஞ்சின்களை மெயின் லைனுக்கு விடுவியுங்கள். அதையும் மீறி மெயின் லைனில் போட வேண்டிவந்தால், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கோத்து, எவ்வளவு எடை இழுக்கலாம் என்ற கணக்கில் அதன் முழு 3,000 குதிரைத்திறனையும் சேர்க்காதீர்கள். ஷெட்டை விட்டு வெளியே அனுப்பும் முன் ஒரு மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்திலேயே அதற்கு ஆள் ஒதுக்கினால் அக்டோபரில் எங்களைத் தேடி மாற்று ஆட்களை அனுப்பும் செலவு மிச்சமாகும்.