ரேபிட்எம்க்யூ தங்கம், கூட வர்ற இபிஎம்டி சவம்

வள்ளியூர்க் கிளையில் சிஸ்டம் பார்க்கிற தம்பி கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, கிளைகள்ல இருக்கிற விண்டோஸ் மெஷின் எல்லாத்துலயும் ரேபிட்எம்க்யூவை 3.13-லேர்ந்து 4.0-க்கு ஒரே ராத்திரில மாத்திரலாமா?" மாத்திரலாம். ஆனா அதுகூட வர்ற இபிஎம்டிங்கிற குட்டி ப்ரோகிராமைப் பத்தித் தெரிஞ்சுக்காம கை வைக்காதீங்க.

ரேபிட்எம்க்யூங்கிறது ஒரு ப்ரோகிராம்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போற மெசேஜை க்யூவில வச்சு அனுப்புற சர்வர். அதைக் குறை சொல்ல மனசு வராது. க்யூ டியூரபிள் (ரீஸ்டார்ட் ஆனாலும் அழியாது), மெசேஜ் பெர்சிஸ்டென்ட் (டிஸ்க்ல எழுதி வைக்கும்), மேல ஒரு ஷவல் (ஒரு சர்வர்லேர்ந்து இன்னொரு சர்வருக்கு மெசேஜை அள்ளிக் கொடுக்கிற ப்ளகின்). இவ்வளவு இருந்தா சாரல் காலத்துல களக்காட்டு லைன் அரைநாள் செத்துக் கிடந்தாலும், திரும்பி வந்ததும் பில்லெல்லாம் பாளையங்கோட்டைக்கு வந்து சேருது. தலைவலி அப்கிரேடுல மட்டும்தான்.

ரேபிட்எம்க்யூ ஓடுறது எர்லாங்குங்கிற மொழியோட ரன்டைம் மேல. இபிஎம்டி அந்த எர்லாங்கோட போர்ட் மேப்பர், எந்த நோடு எந்த போர்ட்ல இருக்குன்னு சொல்றது. 4369-ல குந்திக்கிட்டு இருக்கும். சர்வீஸை நிறுத்தினாலும் இது நிக்காது. இது ஓடும்போது எர்லாங்கை அன்இன்ஸ்டால் பண்ணினா பழைய போல்டர் பாதி போகும், பாதி லாக்காகி நிக்கும். கொன்னாலும் முழிச்சுக்கும்: ரேபிட்எம்க்யூசிடிஎல்லை (ரேபிட்டை நிர்வகிக்கிற கமாண்ட், சுருக்கமா சிடிஎல்) ஒரு தடவை கூப்பிட்டாலே திரும்ப எழும்பிரும். நிமிஷத்துக்கு ஒருதரம் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டுற மானிட்டரிங் டாஸ்க் இருந்தா முதல்ல அதை டிசேபிள் பண்ணுங்க. அது தெரியாம அப்கிரேடு ஸ்கிரிப்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆகவே வரிசை முக்கியம். சிடிஎல் வேலையை எல்லாம் முன்னாடியே முடிச்சிரணும்: டெபினிஷன்ஸ் எக்ஸ்போர்ட் (இதுல மெசேஜ் வராது, க்யூ, யூசர், பாலிசி மட்டும்தான்), எல்லா ஸ்டேபிள் பீச்சர் ஃபிளாகும் (புது வசதிகளை ஆன் பண்ற சுவிட்ச்) எனேபிள். ஃபிளாக் விட்டுப்போச்சுன்னா 4.0 எழும்பாது. 3.13-ல யாராவது ஆர்வக்கோளாறுல கெப்ரியை (மெட்டாடேட்டாவைச் சேமிக்கிற புது ஸ்டோர், 3.13-ல சோதனை நிலைதான்) ஆன் பண்ணியிருந்தா அந்த மெஷினை அப்படியே 4.0-க்குக் கொண்டுபோக முடியாது, ஒதுக்கி வைங்க. பிறகு சர்வீஸ் நிறுத்தம், இபிஎம்டியைக் கொல்லுதல், ரேபிட் நீக்கம், எர்லாங் நீக்கம். அப்புறம் எர்லாங் 26.2, அதுக்கு மேல 4.0. நடுவுல சிடிஎல்லைத் தொடவே கூடாது.

இன்ஸ்டாலர்லயும் அதே சவம்தான். சைலன்ட்டா ஓட்ட ஸ்லாஷ் எஸ் போதும். ஆனா பவர்ஷெல்லில் ஸ்டார்ட்-ப்ராசஸுக்கு வெயிட் போட்டா, அது இன்ஸ்டாலருக்கு மட்டுமில்ல, அது பெத்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காத்திருக்கும். இன்ஸ்டாலர் கிளப்பிவிட்ட இபிஎம்டி எப்பவும் முடியாது, ஸ்கிரிப்டும் விடியவிடிய நிக்கும். வெயிட் போடாம பாஸ்த்ரூ கொடுத்து இன்ஸ்டாலரோட ப்ராசஸ் ஐடியை வாங்கி, அந்த ஐடிக்கு மட்டும் வெயிட்-ப்ராசஸ் கொடுங்க. அன்இன்ஸ்டாலர் நேர் எதிர்: தன்னை டெம்ப்ல காப்பி பண்ணி ஓடவிட்டுட்டு உடனே திரும்பி வந்திரும். முடிஞ்சிட்டுன்னு நினைச்சு அடுத்த வரி ஓடினா ரெண்டும் மோதும். போல்டர் காலியாகிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கிறதுதான் வழி.

இதுக்கும் மேல ஒண்ணு. டேட்டா இருக்கிற இடம் இன்ஸ்டால் பண்ணின யூசரோட ஆப்டேட்டா போல்டர். போன தடவை கையால அட்மின் லாகின்ல போட்டிருப்பீங்க. இந்தத் தடவை டாஸ்க் ஷெட்யூலர் சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓடுது. அப்கிரேடு பச்சையா முடியும், க்யூ ஒண்ணும் இருக்காது! டேட்டா எங்கயும் போகலை, பழைய ப்ரொஃபைல்லயே இருக்கு. புது சர்வீஸ் சிஸ்டம் ப்ரொஃபைல்ல வெறும் போல்டரைத் திறந்து வச்சிருக்கு. ரேபிட்எம்க்யூ பேஸ் வேரியபிளை (டேட்டா எங்கேன்னு சொல்ற என்விரான்மென்ட் வேரியபிள்) மெஷின் லெவல்ல ஒரு நிலையான பாதைக்கு முன்னாடியே வச்சிருங்க, பழைய டேட்டாவையும் அங்கே நகர்த்திருங்க. வேரியபிளை மாத்தினா சர்வீஸை ரிமூவ் பண்ணி மறுபடி இன்ஸ்டால் பண்ணணும், ரீஸ்டார்ட் போதாது. எர்லாங் குக்கியும் (சிடிஎல்லும் சர்வரும் ஒண்ணையொண்ணு நம்புறதுக்கான ரகசிய ஃபைல்) இதே கதை: சிஸ்டம் ப்ரொஃபைல்ல இருக்கிறதும் ரிமோட்ல நுழையிற யூசர்ட்ட இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும்.

ரிமோட் ஓட்டத்துக்கு பவர்ஷெல்லோட இன்வோக்-கமாண்ட் போதும். ஒரே நேரத்துல 32 மெஷின்ல பாயும், த்ராட்டில் லிமிட்டை 5-க்குக் குறைங்க. இன்ஸ்டாலரை ஷேர்ல வச்சு ரிமோட்லேர்ந்து இழுக்கப் பார்த்தா உங்க லாகின் ரெண்டாவது தாவலுக்கு, அதாவது அந்த மெஷின்லேர்ந்து ஷேருக்கு, போகாது. முன்னாடியே காப்பி பண்ணிருங்க. திருநெல்வேலி டவுன் கிளையை ஆனித் தேரோட்ட வாரத்துல தொடாதீங்க.

மெசேஜ் தொலையாம வச்சதுக்கு ரேபிட்எம்க்யூவுக்குக் கோயிலே கட்டலாம். ஆனா அடுத்து தென்காசியில திறக்கிற கிளைக்கு லினக்ஸ் பெட்டிதான், விண்டோஸ்ல இனி ஒண்ணு போட மாட்டேன்.