மேம்பாலம் ஏறினால் போதும் என்றார்

சிக்மகளூர் காபித் தோட்டங்களில் 50 கி.மீ. மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இனிமேல்தான் பயிற்சியாளர் தேட வேண்டும் என்றிருக்கும் சென்னைவாசிகளுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் நானும் அப்படித்தான் தேடினேன். இன்ஸ்டாகிராமில் ஒருவர் கிடைத்தார். 16 வாரப் பயிற்சி, கொடைக்கானலில் இரண்டு நாள் முகாம், எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். ஜிபேயில் மொத்தமாகக் கட்டினேன், ரசீதுகூடக் கேட்கவில்லை.

அட்டவணை பிடிஎஃப்பாக வந்தது. செவ்வாய் 8, வியாழன் 10, ஞாயிறு 25 என்று கிலோமீட்டர் கணக்கு மட்டும். எத்தனை மீட்டர் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. கேட்டதற்கு, "உங்க ஏரியா மேம்பாலத்துல பத்து ரவுண்டு போங்க பிரதர், போதும்" என்றார். அந்த மேம்பாலம் பத்து மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். நான் ஓடப்போகும் பாதையில் மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். நூறு முறை ஏறினாலும் காணாது. பரங்கிமலைப் படிகளையாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாவது வாரக் குறிப்பைப் படித்துச் சிரித்துவிட்டேன்: ‘பனி கொட்டியிருந்தால் டிரெட்மில்லில் ஓடவும்.’ செப்டம்பர் மாதம், சென்னை! பயிற்சியாளரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சாலை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருடைய அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். மேலே பெயர் மட்டும்தான் வேறு. பனி அங்கேயும் கொட்டியது.

சரி, முகாமிலாவது மலையைப் பார்ப்போம் என்று போனேன். வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவதாகத் திட்டம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் இருந்து பெரியகுளம் அடிவாரம் வரை ஒரே இறக்கம். தொடைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. வனத்துறை அனுமதி வாங்கியாச்சு என்று பணம் கட்டும்போதே சொல்லியிருந்தார். வனக்காவலர் கடிதத்தைக் கேட்டதும் பயிற்சியாளர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். கடிதம் இருந்தால்தானே.

காவலர் கோபப்படவில்லை. "குரங்கணி ஞாபகம் இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். 2018 மார்ச் 11 அன்று அந்தக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் பலர் எங்களைப் போலச் சென்னையிலிருந்து மலையேற வந்தவர்கள். நாங்கள் இறங்கவிருந்த கும்பக்கரையும் அதே தேனி மாவட்டம்தான். யாரும் பேசவில்லை.

அப்புறம் இரண்டு நாளும் ஏரியைச் சுற்றி ஓடினோம். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர் போல, குதிரைச் சவாரிக்காரர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு. மெரினாவிலேயே ஓடியிருந்தால் பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்.

போட்டியன்று ஏற்றங்களை நடந்தே சமாளித்தேன். மாட்டியது இறக்கத்தில். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும். அதைப் பழக்காமல் போனால் கால் கெஞ்சும். 34-ஆவது கிலோமீட்டரில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. கட்-ஆஃப் நேரம் தாண்டிவிட, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மூன்று நாள் வீட்டுப் படியைக் கைப்பிடி பிடித்துத்தான் இறங்கினேன்.

பாதிப் பணமாவது கொடுங்கள் என்றேன். "நீங்க பிளானை ஒழுங்கா ஃபாலோ பண்ணல" என்றார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே விவரமும் பனி கொட்டும் பிடிஎஃப்பும் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் யாரிடம் போனாலும், ஏதாவது ஒரு வாரத்து அட்டவணையை முதலில் காட்டச் சொல்லுங்கள். ஏற்ற இறக்கம் மீட்டரில் எழுதியிருக்கிறதா பாருங்கள். முகாம் என்றால் அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

இந்த வாரம் அவருடைய அடுத்த பேட்ச் விளம்பரம் வந்திருக்கிறது. ‘கொடைக்கானல் காட்டுப் பயிற்சி’ என்று ஒரு படம். அதில் இடமிருந்து மூன்றாவதாகக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது நான்தான். படம் எடுத்து இரண்டு நிமிடத்தில் காவலர் வந்துவிட்டார்.