ஐந்து நாள் பயிற்சி, நான்கு ஆண்டு முக்குளிப்பு: கடலடியைப் போட்டோகிராமெட்ரியில் அளந்த அனுபவம்

கடலடி வாழிடங்களைப் படமெடுத்து வரைபடமாக்கும் போட்டோகிராமெட்ரிப் பயிற்சிக்கு நான் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மொத்தம் ஐந்து நாள். அதில் மூன்றரை நாள் கணினி முன்னாலேயே கழிந்தது. அன்று அது சரியாகத்தான் பட்டது. இப்போது நானே புதிய ஆய்வாளர்களுக்குச் சொல்லித்தருகிறேன். அந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டேன்.

மென்பொருள் பெரிய வித்தை இல்லை. ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளைத் தேடிப் பொருத்தி, கேமரா எங்கெங்கே இருந்தது, தரை எப்படி மேடுபள்ளமாக இருக்கிறது என்று இரண்டையும் ஒருசேரக் கணித்து, தரையின் முப்பரிமாண மாடலைத் தந்துவிடும். நான் பயன்படுத்துவது மெட்டாஷேப். பழைய ஆட்களுக்கு அதன் முந்தைய பெயர்தான் பழக்கம், போட்டோஸ்கேன். அதன் மெனுவை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம்.

கற்க நாளாவது நீச்சல்தான். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தில் சுமார் 1 மீட்டர் அகலத் தரை விழுகிறது. அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமென்றால், படத்துக்குப் படம் 20 செ.மீ.தான் நகரலாம். நொடிக்கு ஒரு படம் என்றால் ஒரு வரிசைக்கு 50 நொடி. பக்கவாட்டில் 40 செ.மீ. இடைவெளியில் 25 வரிசை. பிறகு அதே இடத்தைக் குறுக்காக இன்னொரு 25. ஆக 2,500 படங்கள், திரும்பும் நேரம் போக 42 நிமிடம். அத்தனை நேரமும் ஒரே உயரத்தில் மிதக்க வேண்டும். மூச்சை இழுத்தால் உடல் எழும்பும், விட்டால் தாழும். பவளங்களைப் பார்த்ததும் பெயர் சொல்லும் மூத்த ஆய்வாளர்கள்கூட முதல் நாளில் இங்கேதான் தடுமாறுவார்கள். காலில் மாட்டிய துடுப்பைச் சற்று ஓங்கி அடித்தால் வண்டல் கிளம்பி அடுத்த வரிசையே பாழ். அதனால் முதல் இரண்டு நாள் யார் கையிலும் கேமரா தருவதில்லை. அளவு டேப்பைத் தரையில் விரித்துவிட்டு அதன்மேல் நீந்தச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் வெயிலும் எதிரி. அலையில் முறிந்து வரும் ஒளிக்கோடுகள் தரையெங்கும் ஓடும்; மென்பொருள் அவற்றையும் தரையென்று எண்ணிக் குழம்பும். வானம் மூடிக்கொண்டால் சந்தோஷப்படும் முக்குளிப்பாளர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு விழுந்த பெரிய அடி அளவுச் சட்டத்தில். நீருக்கடியில் ஜி.பி.எஸ். எடுக்காது. தெரிந்த நீளமுள்ள ஒரு சட்டத்தைத் தரையில் வைத்து, அதைக் கொண்டுதான் மாடலுக்கு அளவு கொடுக்கிறோம். என் சட்டத்தில் இரு குறிகளின் மையங்களுக்கு இடையே 50 செ.மீ. இரண்டாம் ஆண்டில் ஏதோ நினைவில் ஓரத்திலிருந்து ஓரம் அளந்து 52 என்று உள்ளிட்டுவிட்டேன். நீளத்தில் 4 சதவீதப் பிழை. பரப்பில் அது 8 ஆகும், கனஅளவில் 12-ஐத் தாண்டும். 1 மீட்டர் உயர போரைட்டஸ் மேடு, அதாவது பாறைபோல் திரண்டு மெல்ல வளரும் ஒரு பவளம், ஒரே ஆண்டில் 4 செ.மீ. வளர்ந்ததாகக் காட்டியது. அந்த வகை பொதுவாக ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். அது போரைட்டஸாக இருந்ததால் தப்பித்தேன். ஆண்டுக்கு 10 செ.மீ. வளரக்கூடிய கிளைப்பவளமாக இருந்திருந்தால், மகிழ்ச்சியோடு அறிக்கையே எழுதியிருப்பேன். இப்போது நான்கு சட்டங்கள் வைக்கிறேன். மூன்றைக் கணக்குக்குக் கொடுத்து, நான்காவதை மாடலில் அளந்து சரிபார்க்கிறேன்.

பலன் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் பாறையின் கரடுமுரடை அறியச் சங்கிலியை மேடுபள்ளத்தோடு படியவிட்டு, அதன் நீளத்தை நேர்க்கோட்டுத் தூரத்தோடு ஒப்பிடுவோம். அது ஒரு கோட்டின் கதைதான். இப்போது முழுத் தரையும் கையில் இருக்கிறது. ஆனால் பவளங்களின் எல்லையை வரைவது இன்னும் முதுகொடிக்கும் வேலை. டேக்லேப் என்ற மென்பொருள் பாதிச் சுமையைக் குறைக்கிறது, மீதியைக் கண்தான் செய்ய வேண்டும். கடற்புல், கடல் விசிறி போல ஆடுகிறவற்றுக்கு இந்த முறையை நம்பாதீர்கள். படத்துக்குப் படம் அவை இடம் மாறுவதால் மாடலில் கந்தலாகத் தெரியும். புல்வெளிக்கு நான் இன்றும் தரையில் வைத்து உள்ளே இருப்பதைக் கண்ணால் கணக்கிடும் பழைய சதுரச் சட்டத்தைத்தான் எடுத்துப் போகிறேன்.

பயிற்சியின் கடைசி நாளில் ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரே சதுரத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எடுத்து, ஒரு மாடலிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். அரை நாளில் பவளம் வளராது. மிஞ்சுவதெல்லாம் எடுத்தவரின் பிழை. நான் அதை முதலில் செய்துபார்த்தபோது எனக்கு மிஞ்சியது 2 செ.மீ. போரைட்டஸின் இரண்டு ஆண்டு வளர்ச்சி.